எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் முதுகு வலி: எந்த நாளில் என்ன செய்வது

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் போலாக்குவது) அல்லது இரைப்பை பைபாஸ் (சிறு இரைப்பைப் பையை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) முடிந்து வீடு திரும்பியவர்கள் பலருக்கு வயிற்றில் போட்ட துளைகளைவிட முதுகுதான் அதிகத் தொல்லை கொடுக்கிறது. எடை குறைந்தால் குறுக்கு வலி விட்டுவிடும் என்று நம்பி இந்தச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். நம்பிக்கை தவறில்லை. பெரும்பாலோருக்கு ஒரு வருடம் கழிந்தபின் முதுகு முன்பைவிட லேசாகத்தான் இருக்கும். ஆனால் அதுவரை உள்ள மாதங்களில் உடம்பு வேகமாக மாறுகிறது; வலிக்கான காரணமும் கூடவே மாறுகிறது. 3ஆம் நாள் வரும் முதுகு வலி வேறு, 3ஆம் மாதம் வருவது வேறு, 3ஆம் வருடம் வருவது வேறு. அதனால் வலி வந்ததும் அறுவை சிகிச்சை முடிந்து எத்தனை நாள் ஆகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எல்லா நாளுக்கும் பொது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

வீட்டிலுள்ள மாத்திரை டப்பா

முதுகு பிடித்துக்கொண்டால் மருந்துக்கடைக்குப் போய் "ஒரு வலி மாத்திரை கொடுங்க" என்று கேட்பது நம் பழக்கம். இந்தச் சிகிச்சைக்குப் பின் அந்தப் பழக்கம் ஆபத்தானது. கடையில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையில் பெரும்பாலும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன், நிமெசுலைடு, கீட்டோரோலாக் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். காம்பிஃப்ளாம் என்றால் உள்ளே ஐபுப்ரோஃபென். வோவெரான் என்றால் டைக்ளோஃபெனாக். ஜெரோடால்-பி என்றால் அசெக்ளோஃபெனாக். இவை அனைத்தும் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைப்பவை. பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறு இரைப்பைப் பையும் சிறுகுடலும் தைத்துச் சேர்க்கப்பட்டிருக்கும். அமிலத்தைத் தாங்கிப் பழகாத குடல் அது. அந்தத் தையல் ஓரத்தில் புண் வந்தால் ரத்தம் கசியலாம், சில சமயம் ஓட்டையே விழலாம். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கமும் இருந்தால் அபாயம் இன்னும் கூடும்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு இந்த அபாயம் ஓரளவு குறைவு. சில அறுவை மருத்துவர்கள் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்துச் சில நாட்களுக்கு மட்டும் இவற்றை அனுமதிப்பதும் உண்டு. ஆனால் அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. மருந்துக்கடைக்காரர் எடுக்கக் கூடாது. நாமும் எடுக்கக் கூடாது.

"மாத்திரைதானே வயிற்றைப் புண்ணாக்கும், ஊசி போட்டுக்கொண்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தத்தின் வழியே போய் அதே வேலையைத்தான் செய்கிறது. தெருமுனை கிளினிக்கில் முதுகு வலி என்று சொன்னதும் போடுவது பெரும்பாலும் இந்த ஊசிதான். ஊசி குத்துவதற்கு முன்பே உங்களுக்கு நடந்த சிகிச்சையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைக்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத வலிப் பொடிகளுக்கும் இதே எச்சரிக்கைதான். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். இதய மருத்துவரையும் அறுவை மருத்துவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியென்றால் மிஞ்சுவது பாராசிட்டமால். 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். கல்லீரலில் கொழுப்போ வேறு கோளாறோ இருந்தால் மருத்துவர் இதையும் குறைப்பார். பலர் தவறுவது இங்கேதான்: சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் கணக்கு மீறிவிடும். முதல் சில வாரம் பெரிய மாத்திரை இறங்காது. பொடித்தோ சிரப்பாகவோ எடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 500 மி.கி.க்கு 10 மி.லி. வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரை சேர்க்காத சிரப் கிடைக்குமா என்று கேளுங்கள். இனிப்பு அதிகமானால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை ஒருபோதும் பொடிக்கக் கூடாது. குடலின் ஒரு பகுதியைத் தவிர்த்துப் போகும் பைபாஸில் அவை முழுதாக உறிஞ்சப்படாமலும் போகலாம்.

டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுங்கள். குமட்டல், மயக்கம், மலச்சிக்கல் மூன்றும் வரும். அதைச் சாப்பிடும் நாளில் வண்டி ஓட்டக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் டிரமடால் தொடங்குமுன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதல் வாரம்

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி உப்ப வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். முடிந்ததும் வெளியேற்றிவிட்டாலும் கொஞ்சம் உள்ளே தங்கும். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தில் தொடங்குவதால் வலி தோளிலும் மேல் முதுகிலும் தெரிகிறது. இந்த வாயு குடலுக்குள் இல்லை, குடலுக்கு வெளியே வயிற்றறையில் இருக்கிறது. அதனால் வாயு மாத்திரை, ஓமத்திரவம், சோடா எதுவும் இதைப் போக்காது. சோடா புதிய இரைப்பையை உப்ப வைத்து இன்னும் வலியைத்தான் கூட்டும். நடந்தால் போதும், 2 முதல் 4 நாளில் உடம்பே அதை உறிஞ்சி வெளியேற்றிவிடும்.

கீழ் முதுகு வலிக்குக் காரணம் வேறு. தலைப்பக்கம் உயர்த்திய மேசையில் தசைகள் முழுக்கத் தளர்ந்த நிலையில் மணிக்கணக்கில் படுத்திருந்தீர்கள். அதன்பின் மருத்துவமனைக் கட்டிலில் மல்லாந்தே கிடந்தீர்கள். ஏற்கெனவே முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு (டிஸ்க்) தேய்ந்தவர்களுக்கு இது நிச்சயம் வலிக்கும். மருந்து இங்கும் நடைதான். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து 5 நிமிடம், வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும். ஒரே மூச்சில் அரைமணி நடந்துவிட்டு மீதி நாள் படுத்திருப்பதைவிட இது மேல். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் இது உதவும்.

படுக்கையிலிருந்து எழுவதில்தான் பலர் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றுத் தசை வேலை செய்ய மறுக்கும்போது நேராக எழ முயன்றால் முழு இழுப்பும் குறுக்கில் விழுகிறது. இப்படி எழுங்கள்:

1. மல்லாந்த நிலையில் இரண்டு முழங்கால்களையும் மடக்கி, பாதத்தை மெத்தையில் ஊன்றுங்கள்.
2. தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை உருளுவதுபோல் ஒரு பக்கமாக உருளுங்கள். இடுப்பு முன்னே, தோள் பின்னே என்று முறுக்கக் கூடாது.
3. இரண்டு காலையும் கட்டிலின் ஓரத்துக்கு வெளியே இறக்குங்கள்.
4. கால் இறங்கும் அதே நேரத்தில் கீழ்க்கை முழங்கையாலும் மேல்கை உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி மேலே வாருங்கள். மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள்.
5. உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் இருங்கள். தலை சுற்றல் இல்லையென்றால் எழுந்து நில்லுங்கள்.

படுப்பதற்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள். இருமல், தும்மல் வந்தால் சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் 4 முதல் 6 வாரத்துக்குப் பாயில் படுப்பதை விட்டுவிடுவது நல்லது. தரையிலிருந்து எழுவது இப்போது முதுகுக்கும் தையலுக்கும் அதிகம்.

பின்புறமும் குறுக்கும் கல்லாக இறுகிக் கடுமையாக வலித்து, சிறுநீர் கறுத்த டீ அல்லது கோலா நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. அதிக எடை உள்ளவர்களுக்கு நீண்ட நேர அறுவை சிகிச்சையில் தசை நசுங்கிச் சிதைவது உண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

படுப்பதும் உட்காருவதும் குனிவதும்: 2 முதல் 6 வாரம்

மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் நெஞ்செரிச்சலும் குறையும். பக்கவாட்டில் படுக்க முடிகிற நாள் வந்ததும் இரண்டு முழங்காலுக்கு நடுவே தலையணை வையுங்கள். குப்புறப் படுப்பதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள். நடுவில் குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் முதுகுக்கு எதிரி. புது மெத்தை வாங்க முடியாவிட்டால் மெத்தைக்கு அடியில் ஒட்டுப்பலகை போட்டாலே போதும். வலி தாங்காமல் சாய்வு நாற்காலியிலேயே வாரக்கணக்கில் தூங்குகிறவர்களும் உண்டு. அது சில நாளுக்குச் சரி. தொடர்ந்தால் குறுக்கு வளைந்தபடியே இறுகிவிடும்.

உட்காரும்போது துண்டை உருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். கையில் 30 மி.லி. மருந்துக் கோப்பையோடு கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் பருகும் வேலை எப்படியும் இருக்கிறது. 12 மணி நேரம் அப்படிச் செய்தால் ஏறக்குறைய 1.4 லிட்டர் உள்ளே போகும். தண்ணீர் போத்தலை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். எழுந்து போய்க் குடிக்க வேண்டியிருந்தால் முதுகும் இறுகாது, தண்ணீரும் குறையாது. தண்ணீர் குறைந்தால் தசைப் பிடிப்பும் மலச்சிக்கலும் பின்னாளில் சிறுநீரகக் கல்லும் வரும். மூன்றுமே முதுகில் வலியாகத் தெரியும்.

மலச்சிக்கலைச் சிறு விஷயமாக எண்ணாதீர்கள். முக்கும்போது வயிற்றுத் துளைகளிலும் குறுக்கிலும் ஒருசேர அழுத்தம் விழுகிறது. இந்த வாரங்களில் மேற்கத்தியக் கழிப்பறையே வசதி. காலுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயர முக்காலி போட்டால் முழங்கால் உயர்ந்து முக்க வேண்டிய தேவை குறையும். 3 நாள் போகவில்லையென்றால் மலமிளக்கியைக் கேட்டு வாங்குங்கள்.

எடை தூக்குவதில் 4 முதல் 6 வாரம் வரை 4–5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அளவு. வீட்டில் இதற்கு என்ன பொருள்? குடிநீர் கேன் 20 கிலோ. நிறைகுடம் பெரும்பாலும் 15 கிலோவைத் தொடும். சமையல் எரிவாயுவில் வாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையோடு சேர்ந்தால் இரு மடங்குக்கும் மேல். நனைந்த துணி வாளி, கிரைண்டர் கல், இடுப்பில் ஏறும் குழந்தை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கக் கூச்சப்பட்டுக் குடத்தைத் தூக்கித் துளை வழியே குடலிறக்கம் வாங்கிக்கொள்ள வேண்டாம். கீழே கிடக்கும் சிறு பொருளை எடுக்க ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். கோலம் போடுவது, அருவாமணையில் காய் நறுக்குவது இரண்டையும் இப்போதைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒத்தடம் நன்றாகவே வேலை செய்யும். வெந்நீர்ப் பையோ, வறுத்த கல்லுப்பைத் துணியில் கட்டியோ 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு 3 முறை. துண்டைச் சுற்றி வையுங்கள், தையல் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வைத்தபடி தூங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோயால் தோலில் உணர்வு குறைந்தவர்கள் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்தபின்தான் வைக்க வேண்டும். சுளுக்கு எடுப்பதும் முதுகை மிதிப்பதும் கூடவே கூடாது.

இடுப்பு பெல்ட் பற்றி நிறையக் கேள்வி வருகிறது. வெளியே போகும்போதும் நிற்கும் வேலையின்போதும் 1–2 மணி நேரம் போடலாம். இறுக்கிக் கட்டினால் இரைப்பை அழுந்தி அமிலம் மேலே ஏறும், குறிப்பாக ஸ்லீவ் செய்தவர்களுக்கு. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டால் முதுகைத் தாங்க வேண்டிய தசை வேலை செய்வதையே மறந்துவிடும்.

பயிற்சி: எப்போது எது

முதல் 2 வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. கணுக்காலை மேலும் கீழும் மணிக்கு 20 முறை அசைப்பது, வயிறு உயரும்படி ஆழ்ந்து 5 மூச்சு, அப்புறம் நடை. 2ஆம் வாரத்தில் 10 நிமிட நடை 3 வேளை. 4ஆம் வாரத்துக்குள் நாளுக்கு 30 நிமிடம்.

2 வாரம் கழித்துக் காயம் ஆறி, மருத்துவர் சரி என்றதும் இடுப்பைச் சாய்க்கும் பயிற்சியைத் தொடங்கலாம். மெத்தையில் மல்லாந்து முழங்காலை மடக்குங்கள். குறுக்குக்கும் மெத்தைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். தொப்புளை உள்ளே இழுத்து அந்த இடைவெளியை அழுத்தி மூடி, 5 எண்ணி விடுங்கள். காலையில் 10, மாலையில் 10. மூச்சை அடக்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். அடுத்து, அதே நிலையில் குதிகாலை மெத்தையில் தேய்த்தபடி ஒரு காலை நீட்டி மடக்குவது, காலுக்கு 10.

6 வாரத்துக்குப் பிறகுதான் உண்மையான வலுவூட்டல். முழங்கால் மடக்கிய நிலையில் பின்புறத்தை மெத்தையிலிருந்து உயர்த்தி 5 எண்ணும் பாலப் பயிற்சி 8 முறை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முறை, 2 சுற்று. பழையபடி மாடி ஏறவும் பேருந்துப் படியில் கால் வைக்கவும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கை, முழங்கால் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி 5 எண்ணுவது, பக்கத்துக்கு 6 முறை. 12 வாரம் ஆனபின் ரப்பர் பட்டை, சிறு எடை, சுவரில் கை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைத்துத் தாங்கும் பிளாங்க். சுவரில் 30 வினாடி தாங்கினால் மேசைக்கு, அப்புறம் தரைக்கு.

படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி, கபாலபாதி, புஜங்காசனம் இவற்றை முதல் 3 மாதம் தள்ளிவையுங்கள். "யோகாதானே" என்று தொடங்கித் துளை இருந்த இடத்தில் புடைப்போடு வருவது நடக்கிறது.

அளவு சரியா என்று அறிய மறுநாள் காலையைப் பாருங்கள். வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். காலுக்கு ஓடிய வலி மேலேறிக் குறுக்கில் மட்டும் நின்றால் அது நல்ல திசை. குறுக்கில் இருந்தது முழங்காலைத் தாண்டி இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை சரியும் மாதங்கள்

முதல் 6 மாதம் எடை வேகமாக இறங்கும். இத்தனை வருடம் முன்னே சரிந்த வயிற்றைச் சமன்செய்ய நீங்கள் பின்னால் சாய்ந்து, குறுக்கைக் குழித்து நின்று பழகியிருப்பீர்கள். வயிறு குறைந்துவிட்டது, நிற்கும் பழக்கம் குறையவில்லை. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காது, தோள், இடுப்பு, கணுக்கால் ஒரே கோட்டில் வர வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி நின்று குறுக்குக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை மட்டும் நுழையும்படி சரிசெய்து, நாளுக்கு 3 முறை ஒரு நிமிடம் நின்றால் பழகும்.

பின்புறக் கொழுப்பு கரைந்ததும் வால் எலும்பு வலி வருவது மிகச் சாதாரணம். மர பெஞ்சும் பேருந்து இருக்கையும் திடீரென்று குத்தும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை பலருக்கு ஒத்துவருவதில்லை. பின்பக்கம் மட்டும் வெட்டுவிட்ட ஆப்பு வடிவ மெத்தையை வாங்குங்கள். பாதமும் சுருங்கும், பழைய செருப்பு தளர்ந்து கிடந்தால் நடை மாறி வலி இடுப்பில் தெரியும். ஒரு அளவு சிறியதாக, குதிகால் பிடிப்புள்ளதாக மாற்றுங்கள். தொங்கும் வயிற்றுத் தோல் முன்னால் இழுத்தால் உடலோடு ஒட்டிய உயர் இடுப்பு உள்ளாடை அதைத் தாங்கும்.

இந்த மாதங்களில் முதுகைக் காப்பது தட்டில் இருக்கிறது. இறங்கும் எடையில் ஒரு பகுதி தசை. புரதம் குறைந்தால் முதுகைப் பிடித்து நிறுத்தும் தசையும் கரையும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். எல்லா உணவும் இறங்கத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் இப்படி இருக்கலாம்: காலையில் 200 மி.லி. பாலில் ஒரு கரண்டி புரதப் பொடி, சுமார் 30 கிராம். சற்றுப் பொறுத்து 2 முட்டை, 12. மதியம் வெந்த மீன் 75 கிராம், 15. மாலை அரைக் கிண்ணச் சுண்டல், 4. இரவு பனீர் 50 கிராம், 9. மொத்தம் 70. இட்லியில் தொடங்கினால் வயிறு நிறைந்துவிடும், புரதம் சேராது. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள்.

எலும்பு வலிக்கிறதா, தசை வலிக்கிறதா?

6 மாதத்துக்கு மேல் ஆகி, குறுக்கிலும் இடுப்பிலும் தொடையிலும் மந்தமாக, விட்டுப்போகாத வலி. அழுத்தினால் எலும்பே வலிப்பது போன்ற உணர்வு. தரையிலிருந்து எழத் திணறல். இப்படியிருந்தால் வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் சந்தேகியுங்கள். பயிற்சியைக் கூட்டுவதால் இது போகாது.

கால்சியம் உணவோடு சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. தேவை. ஒரு வேளைக்கு 500–600 மி.கி.க்கு மேல் உடல் எடுத்துக்கொள்ளாது, பிரித்துச் சாப்பிட வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றில் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாக உறிஞ்சப்படும். அட்டையைப் படிக்கும்போது கவனம்: "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் சுமார் 210 மி.கி.தான். ஒன்று சாப்பிட்டுவிட்டு ஆயிரம் கிடைத்ததாக எண்ணிப் பல மாதம் ஓட்டிவிடுகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பை டீ, காபி, பாலோடு எடுக்காதீர்கள்.

வைட்டமின் டி வழக்கமான அளவு நாளுக்கு 3000 ஐ.யு.; ஒரு மி.லி. ரத்தத்தில் 30 நானோகிராமுக்கு மேல் நிற்க வேண்டும். நம் மருத்துவர்கள் குறைபாட்டுக்கு எழுதும் 60,000 ஐ.யு. மாத்திரையும் பொடியும் வாரம் ஒருமுறைக்கானவை. தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வாரத்தின் ஒரு கிழமையைக் குறித்து நாட்காட்டியில் எழுதிவையுங்கள். பி12 குறைந்தால் காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்து வட்டு வலி போலவே ஏமாற்றும். ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். 2 வருடம் ஆனதும் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பது நல்லது, பைபாஸ் செய்தவர்கள் குறிப்பாக.

முதுகில் தெரியும், ஆனால் முதுகில் இல்லாத வலி

இந்தப் பகுதியைத் துணைவரையும் வீட்டிலுள்ளவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் சில வாரத்தில் இடது தோள் அல்லது முதுகு வலியோடு, ஓய்வில் இருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ தையல் கசிவாக இருக்கலாம். வயிறு மென்மையாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. அதிக எடை உள்ளவர்களில் வயிறு இறுகுவது தாமதமாகத்தான் தெரியும். திடீர் மூச்சுத்திணறலும் மேல் முதுகில் குத்தலும் ஒரு கால் வீக்கமும் நுரையீரலில் ரத்தக்கட்டியைக் காட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பும் மேல் முதுகு வலியாக வரும் என்பதையும் மறக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் 108தான்.

வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பைக் கல் உண்டாகும். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி வலது தோள்பட்டை எலும்புக்குப் போகும் வலி, எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டபின் கூடும். இதைத் தடுக்கத்தான் முதல் 6 மாதத்துக்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலம் எழுதுகிறார்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். மேல் வயிற்றிலிருந்து கச்சை கட்டியதுபோல் முதுகுக்குச் சுற்றி வாந்தியும் வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கி, சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் சிறுநீரகக் கல்; பைபாஸுக்குப் பின் உணவிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு அதிகம் உறிஞ்சப்படுவதால் வரும். கால்சியத்தை உணவோடு எடுப்பது இதற்கும் காப்பு. மேல் வயிறு எரிந்து முதுகுக்குப் பாய, மலம் தார் போல் கறுத்தால் புண்ணில் ரத்தம் கசிகிறது. ஆனால் இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். தார் போல் ஒட்டும் தன்மையும் நாற்றமும் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமிருந்தால் காட்டிவிடுங்கள்.

பைபாஸ் செய்தவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது உள்குடலிறக்கம். குடலைத் தாங்கும் சவ்வில் இருந்த கொழுப்பு எடையோடு சேர்ந்து கரைந்ததும் இடைவெளி திறந்து, குடல் அதற்குள் நழுவும். சாப்பிட்டபின் முறுக்கி வந்து முதுகுக்குப் பாயும் வலி, சில மணி நேரத்தில் தானே விட்டுவிடும். அடுத்த வாரம் மறுபடியும் வரும். மாதங்கள், வருடங்கள் கழித்தும் நடக்கும். "வாயுப் பிடிப்பு" என்று தள்ளிப்போட்டால் குடலுக்கு ரத்தம் நின்றுவிடும் அபாயம் உண்டு. சி.டி. ஸ்கேன் தேவை, ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலி தொடர்ந்தால் அறுவை மருத்துவர் லேப்ராஸ்கோப்பியில் பார்க்க வேண்டியிருக்கும்.

தண்டுவடத்தின் சொந்த அவசரமும் உண்டு: இரண்டு காலும் பலமிழப்பது, உட்காரும் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது. இது மணிக்கணக்கில் தீர்மானிக்க வேண்டியது, மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. பல நாள் வாந்தியோடு கால் தள்ளாடிப் பார்வை இரண்டாகத் தெரிந்தால் தயமின் என்ற பி1 குறைபாடு. அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளைக்குக் கேடு. "சோர்வாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்குமுன் இதைச் சொல்லுங்கள்.

இத்தனையையும் வலியில் துடிக்கும் ஒருவர் நினைவில் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு சிறு அட்டை எழுதிப் பர்ஸிலும் கைபேசி உறைக்குள்ளும் வையுங்கள். அதில் இவை இருக்கட்டும்: எந்தச் சிகிச்சை, நடந்த தேதி, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண், "டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், கீட்டோரோலாக் வகை ஊசியோ மாத்திரையோ அறுவை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்", "தொடர் வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின்", பைபாஸ் என்றால் "வயிற்று வலிக்கு உள்குடலிறக்கம் பார்க்கவும்". மருத்துவர் உடனே படிக்கும்படி மருந்துப் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.